ஒரு பகுதி மக்களின் நலத்தை அளப்பது எப்படி? முதல்முறை களமிறங்குபவர்களுக்கு

நான் நடத்திய முதல் கணக்கெடுப்பில் 112 கேள்விகள். ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. நான்கு மாதத்தில் முடிப்பதாகச் சொன்ன வேலை பதினான்கு மாதம் இழுத்தது. ஒருவழியாக அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தேன். கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "சரி, இதில் யார் நிலைமை ரொம்ப மோசம்? முதலில் எங்கே போக வேண்டும்?" அந்தப் பெரிய அறிக்கையில் அதற்குப் பதில் சொல்லும் அட்டவணை ஒன்றுகூட இல்லை.

சிறு அமைப்பு, மாணவர் குழு, ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் என்று யாராவது சில நூறு முதல் சில ஆயிரம் வீடுகள் உள்ள ஒரு பகுதியின் உடல்நலத்தையும் நலவாழ்வையும் அளக்கப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். நாடு முழுக்க எடுக்கும் கணக்கெடுப்புக்கு இது போதாது.

1. கேள்வித்தாளுக்கு முன் வெற்று அட்டவணை

கணினியைத் திறக்காதீர்கள். வெள்ளைத்தாளை எடுத்து, அறிக்கையில் வரப்போகும் அட்டவணைகளைக் கட்டம் கட்டமாக வரையுங்கள். எண்கள் வேண்டாம், தலைப்புகள் போதும். இடப்பக்கம் ஆண், பெண், 18–39, 40–59, 60ம் அதற்கு மேலும். மேலே உயர் ரத்த அழுத்தம், "என் உடல்நலம் மோசம்" என்றவர்கள், வாழ்க்கைக்கு 4 அல்லது அதற்குக் குறைவாக மதிப்பெண் போட்டவர்கள். இப்படி.

ஒவ்வொரு அட்டவணைக்குக் கீழேயும் இரண்டு வரி எழுதுங்கள். இதை யார் பார்ப்பார்? பார்த்தபின் எதை மாற்றிச் செய்வார்? பதில் வராத அட்டவணையை அடித்துவிடுங்கள். மிஞ்சிய அட்டவணைகளுக்குத் தேவையான கேள்விகள் மட்டும்தான் கேள்வித்தாளுக்குப் போக வேண்டும். பின்னாளில் என் பழைய கேள்வித்தாளை இப்படிச் சலித்துப் பார்த்தேன். 38 தேறின.

கூடவே, ஏற்கெனவே கையில் உள்ள தரவையும் தேடுங்கள்: பிறப்பு இறப்புப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கு, மருத்துவமனைப் பதிவேடு. கடைசியதில் ஒரு பொறி உண்டு. மருத்துவமனைப் பதிவேடு வந்தவர்களைப் பற்றித்தான் பேசும், வராதவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த ஆண்டு நோயாளிகள் கூடியிருக்கிறார்கள் என்றால் நோய் கூடியிருக்கலாம், இல்லை பேருந்து வசதி வந்திருக்கலாம்.

2. எதை அளக்கிறோம் என்பதை மூன்றாகப் பிரியுங்கள்

ஆரோக்கியம் என்பது நோய் இல்லாமை மட்டும் அல்ல, உடலும் மனமும் சமூக வாழ்வும் முழுமையாக நலமாயிருக்கும் நிலை என்கிறது 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம். நல்ல வரிதான். ஆனால் "முழுமையாக" என்பதை எந்த நாடாவை வைத்து அளப்பது? பிரித்தால்தான் அளக்க முடியும்.

முதல் அடுக்கு உடல்: ரத்த அழுத்தம், எடை, சொல்லப்பட்ட நோய்கள், அன்றாட வேலைகளில் உள்ள சிரமம். இரண்டாவது, ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே எப்படி மதிப்பிடுகிறார் என்பது. மூன்றாவது, இந்த இரண்டையும் தாங்கி நிற்கும் அடித்தளம். ஆரோக்கிய மேம்பாடு பற்றிய உலக மாநாடு ஒன்று வெளியிட்ட 1986இன் ஒட்டாவா சாசனம் அந்த அடித்தளத்தைப் பட்டியலே போட்டுக் கொடுத்திருக்கிறது: அமைதி, இருப்பிடம், கல்வி, உணவு, வருமானம், நிலையான இயற்கைச் சூழல், நீடிக்கும் வளங்கள், சமூக நீதியும் சமத்துவமும்.

புதியவர்கள் பெரும்பாலும் முதல் அடுக்கோடு நின்றுவிடுகிறார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். பிரஷர் எத்தனை பேருக்கு என்று தெரிந்தது, அது ஏன் ஒரு தெருவில் மட்டும் கூடுதல் என்று தெரியவில்லை. வீட்டையும் வேலையையும் பற்றிக் கேட்டிருந்தால்தானே தெரியும்?

அடித்தளத்தைக் கேட்கும்போது அபிப்பிராயம் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். "தண்ணீர் வசதி எப்படி?" என்றால் எல்லாரும் "பரவாயில்லை" என்பார்கள். "கடந்த 7 நாளில் எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை?" என்றால் எண் வரும். உறவின் பலத்தை அளக்க ஒரே கேள்வி போதும்: "உங்களுக்கு ஓர் இக்கட்டு வந்தால், கூப்பிட்டதும் வந்து நிற்க உறவிலோ நட்பிலோ ஆள் உண்டா?" ஆம், இல்லை. அவ்வளவுதான். இதற்கு "இல்லை" என்று சொல்லிவிட்டுச் சிலர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அடுத்த கேள்விக்கு அவசரப்படாதீர்கள்.

இன்னொரு பொறி: சின்ன மக்கள்தொகையில் சில அளவுகளைத் தொடவே கூடாது. சிசு இறப்பு வீதம் என்பது உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளுக்கு, ஒரு வயது நிறையும் முன் எத்தனை இறப்பு என்பது. உங்கள் பகுதியில் ஆண்டுக்கு 30 பிறப்பு என்று வையுங்கள். ஒரு குழந்தை இறந்தால் வீதம் 33, அடுத்த ஆண்டு இரண்டு இறந்தால் 67. "இரண்டு மடங்காகிவிட்டது" என்று தலைப்புப் போடலாம், ஆனால் அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஒவ்வொரு இறப்பும் எப்படி நேர்ந்தது என்று விசாரித்து எழுதுவது அங்கே அதிகப் பயன்படும். சராசரி ஆயுட்காலமும் இதே கதைதான்.

3. கேள்விகளை நீங்களே கண்டுபிடிக்காதீர்கள்

சோதித்துத் தேறிய கேள்விகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் பிற இடங்களோடு ஒப்பிடவும் முடியும். நான் இப்போது கையில் வைத்திருப்பவை இவை:

பொதுவான உடல்நலம். "பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி?" என்ற ஒற்றைக் கேள்வி, மிக நன்று முதல் மோசம் வரை ஐந்து பதில்கள். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் பல நாடுகளின் ஆய்வுகளில், பின்னாளில் யார் முன்கூட்டி இறக்கிறார்கள் என்பதோடு இந்தப் பதில் ஒட்டிப்போகிறது.

வாழ்க்கை ஏணி. 0 முதல் 10 வரை படிகள். உச்சியில் உங்களால் நினைத்துப் பார்க்க முடிந்த மிகச் சிறந்த வாழ்க்கை, அடியில் மிக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? படம் வரைந்து காட்டுங்கள், வாயால் மட்டும் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலவாழ்வுக் குறியீடு. கடந்த இரண்டு வாரம் மனமும் உடலும் எப்படி இருந்தன என்று கேட்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி 4ஆல் பெருக்கினால் 100க்கு மதிப்பெண். 50க்குக் கீழே இருந்தால் அவரோடு மேலும் பேச வேண்டும் என்று பொருள், மனச்சோர்வு என்று தீர்ப்பெழுதிவிடக் கூடாது.

வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள். மாற்றுத்திறன் பற்றிய புள்ளிவிவரங்களுக்காக ஐநாவின் கீழ் அமைந்த குழு இது. பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, பேசிப் புரியவைப்பது. சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது என்று நான்கு பதில்கள். "உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா?" என்று எங்கேயும் கேட்காதீர்கள். காது கேளாத பாட்டி இருக்கும் வீட்டில்கூட "இல்லை" என்றுதான் பதில் வரும், "வயசாயிருச்சு, அவ்வளவுதான்" என்பார்கள்.

ஏணிக் கேள்வியை நேர்காணலின் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். நோய், கடன், இறப்பு என்று அரை மணி நேரம் பேசிவிட்டு "வாழ்க்கை எப்படி?" என்று கேட்டால் அந்த அரை மணி நேரத்தைத்தான் அளக்கிறீர்கள்.

உரிமமும் பாருங்கள். சில கேள்வித்தொகுப்புகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சிலவற்றுக்கு முன்பதிவு வேண்டும், சிலவற்றுக்குக் கட்டணம் உண்டு. உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத்தரத்தை அளக்கும் ஈகியூ-5டி போன்றதற்கு முன்கூட்டியே பதிவு செய்து அனுமதிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு கேட்கும்.

மொழிபெயர்ப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிவிட்டு, இல்லையென்றால் மட்டும் செய்யுங்கள். ஒருவர் பெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் ஓட்டை தெரியும். அப்புறம் பத்துப் பேரோடு உட்கார்ந்து, "இந்தக் கேள்வி உங்களுக்கு என்னவென்று பட்டது?" என்று கேளுங்கள். "சுறுசுறுப்பாக இருந்தீர்களா?" என்று நாங்கள் எழுதியதை ஒரு பெண்மணி, "வேலையெல்லாம் முடித்தேனா என்கிறீர்களா? முடிக்காமல் எப்படி?" என்றார். உடம்பில் தெம்பு இருந்ததா என்று கேட்க வந்தோம், கடமையை முடித்தாரா என்று கேட்டிருக்கிறோம்.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9இல் ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது. "ஆம்" என்று பதில் வந்தால் அன்றைக்கே யாரிடம் அனுப்புவீர்கள்? பெயரும் தொலைபேசி எண்ணும் கையில் இல்லையென்றால் அந்தக் கேள்வித்தொகுப்பைத் தொடாதீர்கள்.

4. அனுமதி: ஆவணங்களும் காத்திருப்பும்

எனக்கு அதிக நாள் போனது இங்கேதான். நெறிமுறைக் குழுக்கள் குறித்த தேதிகளில்தான் கூடும், ஒரு தேதியைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரை சும்மா இருக்க வேண்டியதுதான். கள வேலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு அனுமதி வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின்தேதியிட்டு யாரும் தரமாட்டார்கள், அனுமதி எண் இல்லாத ஆய்வை ஆய்விதழ்களும் வாங்காது.

குழுவுக்குக் குழு பட்டியல் மாறும். பெரும்பாலும் கேட்பவை: ஆய்வுத் திட்டம், களத்தில் பயன்படப்போகும் மொழியிலேயே கேள்வித்தாள், பங்கேற்பவருக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம், பொறுப்பாளர்களின் தகுதிக் குறிப்பு, வரவு செலவுத் திட்டம், கேள்வித்தொகுப்புகளின் உரிமக் கடிதம், தரவை எங்கே எப்படிப் பூட்டி வைப்பீர்கள் என்ற குறிப்பு, உதவி தேவைப்படுபவரை எங்கே அனுப்புவீர்கள் என்ற குறிப்பு. பகுதி நிர்வாகத்தின் சம்மதக் கடிதமும் சேர்ந்தால் நல்லது.

என் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல்முறை, தகவல் தாளில் புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் இல்லை. இரண்டாம் முறை, ஒப்புதல் படிவத்தில் ஒரு தலைப்பு, திட்டத்தில் வேறு தலைப்பு. ஆளுக்கொரு கோப்பை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் போட்டிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி முன்னால் வாசித்துக் காட்டும் முறையை எழுதுங்கள். சிறார்கள் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். முன்னோட்டத்துக்கு (சில வீடுகளில் செய்து பார்க்கும் ஒத்திகைக்கு) பிறகு கேள்விகளின் சொற்கள் மாறலாம் என்று திட்டத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அப்போதும் மாற்றத்தைக் குழுவுக்குத் தெரிவிக்கத்தான் வேண்டும், ஆனால் அது சிறு திருத்தமாகப் போய்விடும்.

5. எத்தனை பேர், யார் யார்

ஒரு விகிதத்தை (பிரஷர் உள்ளவர்கள் எத்தனை சதவீதம் என்பதுபோல) 95% நம்பகத்தோடு, 5 சதவீதப் புள்ளி கூட்டல் கழித்தல் வரம்புக்குள் சொல்ல 385 பேர் போதும். அதாவது இதே கணக்கெடுப்பை 100 முறை எடுத்தால் சுமார் 95 முறை உண்மை விகிதம் அந்த வரம்புக்குள் விழும். இது விகிதம் 50% என்று வைத்துப் போட்ட கணக்கு, அதனால் பாதுகாப்பானது. பகுதியின் மொத்தப் பெரியவர்களே (18 வயது நிறைந்தவர்கள்) 1000 பேர்தான் என்றால் 278ஆகக் குறையும்.

ஆனால் தெருத் தெருவாகக் கொத்தாக எடுத்தால் இது போதாது. ஒரே தெருக்காரர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பார்கள், இருபது பேரைக் கேட்டாலும் இருபது புதிய தகவல் கிடைக்காது. அதற்கு ஈடாகப் பொதுவாக இரண்டால் பெருக்குவார்கள்: 770. ஐந்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் அல்லது மறுப்பார் என்றால் 770ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும்: 963. இங்கே பலரும் 770ஓடு 20% சேர்த்து 924 என்று போடுகிறார்கள். அதில் ஐந்தில் ஒன்றைக் கழித்துப் பாருங்கள், 739தான் மிஞ்சும்.

இந்த எண் மொத்தப் பகுதிக்கானது. ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே இதே துல்லியத்தோடு சொல்ல வேண்டுமென்றால் இரு பக்கமும் இதே அளவு வேண்டும். முதலில் வரைந்த வெற்று அட்டவணைகளைத் திரும்ப எடுத்து எத்தனை பிரிவு வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அநேகமாகச் சிலவற்றை இங்கே கைவிட வேண்டிவரும்.

எந்தெந்த வீடு என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும். முழு வீட்டுப் பட்டியல் எடுத்து எண்ணிட்டுக் குலுக்குங்கள். பழைய பட்டியலை நம்பினால் புதிதாக வந்த வாடகைக் குடும்பங்களும் ஓரத்துக் குடிசைகளும் விட்டுப்போகும், நீங்கள் தேடிவந்த மோசமான நிலைமை அங்கேதான் இருக்கும். வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதையும் அந்த நேரத்தில் கதவைத் திறப்பவருக்கு விடாதீர்கள். கடைசியாகப் பிறந்தநாள் வந்த பெரியவர் யார் என்று கேட்டு அவரையே கேளுங்கள்.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுக்கக் கூடாது. மூன்று முறை திரும்பப் போங்கள், அதில் ஒன்று மாலை, ஒன்று விடுமுறை நாள். பகலில் மட்டும் போனால் வேலைக்குப் போகும் ஆரோக்கியமானவர்கள் தப்பிவிடுவார்கள். உங்கள் பகுதி உள்ளதைவிட நோயாளியாகத் தெரியும்.

6. செலவும் காலமும்

விலைகள் இடத்துக்கு இடம் மாறும். ஆள்நாள் கணக்குப் போட்டுக்கொண்டு உங்கள் ஊர்க் கூலியால் பெருக்குங்கள். ஒருவர் நாளுக்கு ஆறு நேர்காணல் என்றால் 963க்குச் சுமார் 160 ஆள்நாள். மறுவருகைகளுக்குக் கால்பங்கு கூட்டினால் 200. ஐந்து பேர், வாரம் ஐந்து நாள் என்றால் எட்டு வாரம். மேற்பார்வையாளர் தனி.

திட்டத்தில் எல்லாரும் மறப்பவை: பயிற்சி நாட்களுக்கான சம்பளம், மறுவருகைப் பயணம், மொழிபெயர்ப்பு, பெரிய கைக்கும் பொருந்தும் பிரஷர் பட்டை, மாற்று பேட்டரி, முடிவுகளை மக்களிடம் திரும்பக் கொண்டுபோகும் செலவு. மென்பொருளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ் போன்றவை இணையம் இல்லாத இடத்திலும் கைப்பேசியில் வேலை செய்யும்.

முடித்த படிவத்துக்கு இவ்வளவு என்று மட்டும் பேசிவிடாதீர்கள். படிவத்துக்குக் காசு என்றால் மரத்தடியில் உட்கார்ந்தே படிவம் நிரம்பும். நாள் சம்பளம் கொடுங்கள்.

காலம்: அட்டவணை 2 வாரம், கேள்வித்தாளும் மொழிபெயர்ப்பும் 4 முதல் 6, அனுமதி 6 முதல் 12, பயிற்சியும் முன்னோட்டமும் 2, களம் 8, கணக்கு 6 முதல் 8, திருப்பிக் கொடுப்பது 3. ஆக ஏழு முதல் பத்து மாதம். நான்கு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று நிதி தருபவரிடம் சொல்லாதீர்கள். நான் சொன்னேன்.

பருவத்தையும் பாருங்கள். மழைக்காலக் காய்ச்சலை மழைக்காலத்தில் அளந்துவிட்டு ஆண்டு முழுவதுக்கும் பேசக் கூடாது. மறுமுறை அளப்பதாக இருந்தால் அதே மாதத்தில் அளங்கள்.

7. பயிற்சியும் தினசரிச் சோதனையும்

ஐந்து நாள் பயிற்சி. அதில் ஒரு நாள் ரத்த அழுத்தத்துக்கே போகட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய, கை நெஞ்சு உயரத்தில் தாங்கியிருக்க, குறைந்தது ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகே அளக்க வேண்டும். மூன்று முறை எடுத்து, முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எடுங்கள். 180/120க்கு மேல் யாருக்காவது வந்தால் கணக்கெடுப்பை ஓரமாக வைத்துவிட்டு அவரை மருத்துவரிடம் அனுப்புவதுதான் வேலை.

குலுக்கலில் தேர்வாகாத 30 வீடுகளில் முன்னோட்டம். எங்கே தடுமாறுகிறார்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள்.

களம் தொடங்கியதும் அன்றன்றைய தரவை அன்று இரவே பாருங்கள், வாரக் கடைசிக்கு விட்டுவிடாதீர்கள். கடைசி இலக்கங்களைப் பார்த்தாலே பல விஷயம் தெரியும். வயதுகள் 40, 45, 50 என்று குவிந்தால் யாரோ உத்தேசமாகக் கேட்டு எழுதுகிறார். எங்கள் குழுவில் ஒரு பையனின் பிரஷர் அளவுகள் எல்லாம் 120, 130, 140 என்றே முடிந்தன. பொய்யாக எழுதுகிறான் என்று கோபித்துக்கொண்டு போனேன். பாவம், பழைய கைக்கருவியில் அளந்து அருகில் உள்ள பத்துக்கு முழுமையாக்கிக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் மின்னணுக் கருவிதான். பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் மறுபடி போய் நாலைந்து கேள்வியை மட்டும் கேட்டுச் சரிபார்க்கட்டும்.

தனிமையும் முக்கியம். வீட்டார் சுற்றி நிற்கும்போது "வாழ்க்கை திருப்தியா?" என்று ஒரு மருமகளிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். முடியாத இடத்தில், யார் உடன் இருந்தார் என்று ஒரு கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

8. கணக்குப் போடும்போது

வீட்டுக்கு ஒருவரைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஐந்து பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒருவர் ஐந்து பேருக்காகப் பேசுகிறார், தனியாக இருப்பவர் தனக்காக மட்டும். ஆகவே வீட்டிலுள்ள பெரியவர்கள் எண்ணிக்கையால் பெருக்கி எடை கொடுக்க வேண்டும்.

இரண்டு தெருக்களை ஒப்பிடும்போது வயதைச் சமப்படுத்துங்கள், அதாவது இரண்டிலும் வயதுப் பிரிவுகளின் பங்கு ஒன்றே என்று வைத்துக் கணக்கிடுங்கள். முதியவர்கள் நிறைந்த தெருவில் பிரஷர் கூடுதலாகத்தான் இருக்கும், அதற்குத் தெரு குற்றவாளி அல்ல.

ஏணியின் சராசரியை மட்டும் அச்சிடாதீர்கள். பாதிப் பேர் 3, பாதிப் பேர் 9 என்றாலும் சராசரி 6, எல்லாரும் 6 என்றாலும் 6. ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் என்று காட்டுங்கள். 300 பேரைக் கேட்டு ஒருவருக்கும் இல்லாத நோயை "இங்கே இல்லை" என்று எழுதக் கூடாது. 100இல் ஒருவர் வரை இருந்தும் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு எது எதற்குக் காரணம் என்று சொல்லாது. கடன் உள்ளவர்கள் நலக்குறியீட்டில் கீழே இருக்கிறார்கள் என்று எழுதலாம். கடனால் மனம் சோர்ந்ததா, நோயால் கடன் வந்ததா என்பது அந்த அட்டவணையில் இல்லை.

9. திருப்பிக் கொடுப்பது

அறிக்கையை அச்சிடும் முன் ஒரு பக்கத் தாளில் முக்கிய எண்களை எழுதி, பதில் சொன்னவர்களைக் கூட்டி வாசித்துக் காட்டுங்கள். நான் மூன்று நாள் யோசித்தும் விளங்காத ஓர் எண்ணுக்கு அங்கே ஒருவர் அரை நிமிடத்தில் காரணம் சொன்னார்: அந்தத் தெருவில் பாதிப் பேர் இரவு வேலைக்காரர்கள், நாங்கள் போனது அவர்கள் தூங்க வேண்டிய நேரம்.

ஐந்து பேருக்குக் குறைவாக விழுந்த கட்டங்களை மறைத்துவிடுங்கள். "60 வயதுக்கு மேற்பட்ட, தனியாக வாழும் ஆண்: 1" என்று போட்டால் அது யார் என்று ஊருக்கே தெரியும். பெயர்ப் பட்டியலும் பதில்களும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது. பெயர்ப் பட்டியலை எந்தத் தேதியில் அழிப்பீர்கள் என்று ஒப்புதல் படிவத்தில் சொல்லியிருப்பீர்கள். அந்தத் தேதியைச் சுவர் நாள்காட்டியில் குறித்து வையுங்கள், அன்று இருவர் முன்னிலையில் அழித்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள்.